திரும்பிக் கிடந்த அரி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் ரயில் ஏறியது, முதலில் சினிமா பார்த்தது என்று பேச்சு போகும். நான் வாயைத் திறக்க மாட்டேன். ரயிலும் சினிமாவும் எனக்கு ரொம்பப் பிந்தி வந்தவை. அதற்கெல்லாம் முன்னால் நான் ஆகாயத்தில் ஏறிவிட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது சிரித்தாலும் பரவாயில்லை.

அது ஒரு தை மாதம். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அந்தத் தையோடு பள்ளிக்கூடம் முடிந்தது. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊர் என்பது ஒரு வழக்குக்குச் சொல்வது. ஊர் வேறு, எங்கள் தெரு வேறு. எங்கள் குடிசை நின்ற மண்ணும் பண்ணையாருடையதுதான். சுவர்களிலெல்லாம் சூரியன் வரைந்து, ஆட்சி மாறி, இனிமேல் போலீஸ் நம் பக்கம் என்று தெருவில் பெரியவர்கள் நம்பியிருந்த காலம் அது. அந்த நம்பிக்கையில் சிவப்புக் கொடியை ஊன்றி அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் தகராறாகி, பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரரின் மண்டையை யாரோ உடைத்துவிட்டார்கள். என் அப்பா அன்றைக்கு வேதாரண்யம் பக்கம் உப்பு வாங்கப் போயிருந்தார். ஆனாலும் கேசில் அவரையும் சேர்த்திருந்தார்கள்.

சேதி தெரிந்ததும் அவர் தெருவுக்குள்ளேயே வரவில்லை. உப்பு மூட்டையை வாய்க்கால் மதகில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அது அவர் வைத்த மூட்டைதான் என்று கட்டியிருந்த விதத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்தது. மறுநாள் போலீஸ் வந்தது. கூரையைப் பிரித்து இழுத்துப் போட்டார்கள். என் சிலேட்டு அந்தக் கூரைக்கு அடியில்தான் கிடந்தது. எடுக்கப் போனேன். அம்மா முடியைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாரே" என்றுதான் அம்மா அன்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குடிசைக்காரி எரிகிறதில் எண்ணெய் ஊற்றினாள். "சொல்லாமப் போறவன் எதுக்குடி திரும்பி வரான்? ஒத்த ஆளு எங்க வேணா பொழச்சிக்குவான். கைப்புள்ளயும் பொட்டப் புள்ளயும் வச்சிருக்கிறவதான் நாறணும்."

என் தாய்மாமன் மட்டும் இருக்கச் சொன்னார். "கொஞ்ச நாள் கெட. கேசு அடங்கினதும் வருவான். வந்து பாக்குறப்ப நீ இங்க இருக்கணும்." அவர் சொன்னது சரி என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அம்மா பிரித்துப் போட்ட கூரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கண்ணே இருக்கச் சொல்ற?" என்றாள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு நொட்டாங்கைப் பழக்கம். சோறு மட்டும் வலக்கையால் தின்பார், அதுவும் அவர் தாயார் அடித்துப் பழக்கியதால். அறுப்பில் ஒரு ஆள் பிடிக்குப் பிடி அறுத்துப் பக்கத்தில் கிடத்திக்கொண்டே முன்னால் போவார் இல்லையா, அந்த வரிசைக்குத்தான் அரி என்று பெயர். எல்லோருக்கும் வலக்கையில் அரிவாள் என்பதால் எல்லா அரியிலும் கதிர் ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கும். அப்பாவின் அரியில் மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கும். பின்னால் கட்டுக் கட்டி வருகிற பெண்களுக்கு அது பெரிய இடைஞ்சல். கை பழகிய போக்கில் அள்ள முடியாது. திருப்பிப் போட்டால் நெல் உதிரும், காரியக்காரர் கத்துவார். ஆகவே அப்பாவின் அரியை அம்மாதான் கட்டுவாள். அவள் அதற்கென்றே கையை மாற்றிப் பழகியிருந்தாள்.

"ஒம் புருசன் அறுத்தா நெல்லுகூட மொகத்தத் திருப்பிக்குதேடி" என்று பெண்கள் கேலி பேசுவார்கள்.

"எம் மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கு. ஒனக்கு ஏன் எரியுது?" என்பாள் அம்மா.

அப்பாவைக் கேட்டுக் கேட்டு ஊர் ஊராக நடந்தோம். மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் மில் களத்தில் உமி அள்ளும் பெண்ணிடம் தண்ணீர் கேட்கப் போனபோது அவள்தான் சொன்னாள். மேற்கே, திருவிடைமருதூர்ப் பக்கம், வெளியூர்க் கூலியாட்கள் செட்டில் நொட்டாங்கைக்காரன் ஒருத்தன் அறுப்பில் நிற்கிறானாம், கட்டுக் கட்டுகிறவர்கள் எல்லோரும் அவனைத் திட்டுகிறார்களாம். அம்மா அந்த இடத்திலேயே தம்பியை இடுப்பில் ஏற்றிக் கட்டிக்கொண்டாள். ஊரில் கேசு இருக்கிற ஆள், தெரியாத ஊரில் தெரியாத ஆட்களோடு நின்று வயிற்றைக் கழுவுகிறார் என்பது பொருத்தமாகத்தான் இருந்தது.

வழியில் என்ன தின்றோம் என்றால், அறுத்த வயலில் பொறுக்கிய கதிரும் வாய்க்கால் நத்தையும்தான். நத்தையைச் சுட்டால் நல்ல மணம் வரும். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. தம்பிக்குத்தான் கஷ்டம். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. தம்பி முந்தானை முனையைச் சப்பிக்கொண்டு வந்தான். அழுவதை நிறுத்திவிட்டான், அதுதான் அம்மாவுக்குப் பயம்.

திருவிடைமருதூரில் தைப்பூசக் கூட்டம். தேர் ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் வயல்களில் அறுப்பு. ஆனால் வயலுக்குள் கால் வைக்க முடியவில்லை. ஒவ்வொரு வரப்பு முனையிலும் போலீஸ். கிழக்கேயிருந்து வருகிற பொம்பளை என்றாலே சிவப்புக் கொடிச் சங்கத்து ஆள், ஆட்களைக் கலைக்க வந்தவள் என்று விரட்டினார்கள். அம்மா ரோட்டில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பாள். நெல் ஆள் உயரம் நின்றது. குனிந்து அறுக்கிறவர்களின் முதுகுகூடத் தெரியாது. அறுப்பு முடியப் போகிறது, முடிந்தால் செட்டு லாரி ஏறிப் போய்விடும், அப்புறம் இந்த உலகத்தில் எங்கே தேடுவது என்பதுதான் அம்மாவின் பேச்செல்லாம்.

அங்கேதான் பலூன்காரர் இருந்தார். ஆற்றங்கரைத் திடலில் குழி வெட்டி, குழிக்கு மேல் பெரிய துணிக் கூண்டைத் தொங்கவிட்டு, வைக்கோல் எரித்து அதில் சூடும் புகையும் ஏற்றுவார். கூண்டு உப்பி எழும்பும். பழைய பாராசூட் துணி, ஒட்டுக்கு மேல் ஒட்டு. அதில் ஒரு பல்பொடியின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தது. கீழே மூங்கில் கூடை. கூண்டின் வாய்க்கும் கூடைக்கும் நடுவில் இரும்புச் சட்டியில் மண்ணெண்ணெய்த் துணி எரியும். கயிற்றில் கட்டித்தான் விடுவார்கள்; ஆட்கள் பிடித்திருப்பார்கள். பனி இறங்கிக் காற்று அசையாமல் இருக்கிற விடியற்காலையில் மட்டும்தான் விட முடியும். கூடையில் அவருடைய மனைவி ஏறி நோட்டீஸ் போடுவார். அந்த வருஷம் அந்த அம்மாள் வாயும் வயிறுமாக இருந்தார். பலூனுக்கும் வயதாகிவிட்டது, பெரிய ஆளைத் தூக்காது. யாரை ஏற்றுவது என்று தெரியாமல் பலூன்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்கு வைக்கோல் சுமக்கப் போனாள், ஒரு வேளைக் கஞ்சிக்காக.

வைக்கோலை இறக்கிப் போட்டுவிட்டு, "எம்மாம் ஒசரம் போவும் இது?" என்று கேட்டாள்.

"கோபுரத்துக்கு மேல போவும்மா. பாக்கத்தான் போற."

"மேலேருந்து பாத்தா வயலு தெரியுமா?"

"வயலா? காவேரியே அரைஞாண் கயிறு மாதிரிக் கெடக்கும்."

அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவள ஏத்துங்க."

பலூன்காரர் என்னைப் பார்த்தார். "என்னம்மா பேசுற? சட்டி நெருப்பு தலைக்கு மேல எரியும். துணி எங்க கிழியும்னு எனக்கே தெரியாது. எதுனா ஆச்சுன்னா?"

"இங்க இருந்தா மட்டும் என்ன ஆவப்போறா? புள்ளயப் பாருங்க. எலும்பு. காத்தே தூக்கிட்டுப் போயிடும்." பிறகு குரலை இறக்கி, நொட்டாங்கைக்காரரைத் தேடி வந்த கதையைச் சொன்னாள். அரி எப்படித் திரும்பிக் கிடக்கும் என்று இரண்டு வைக்கோலை எடுத்துத் தரையில் வைத்துக் காட்டினாள்.

பலூன்காரரின் மனைவி, "ஐயோ பாவம்ங்க, ஏத்துங்களேன்" என்றார். பலூன்காரர் நல்ல மனுஷர்தான். அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன்.

மறுநாள் விடியுமுன் என்னைக் கூடையில் வைத்தார்கள். நோட்டீஸ் கட்டு ஒன்றை மடியில் கொடுத்தார்கள். வைக்கோல் புகையில் எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். அம்மா கூடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அழுதா கண்ணு மறைச்சிடும். அழாமப் பாரு."

கயிற்றை விட்டார்கள். ஏறுகிற மாதிரியே இல்லை. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், அம்மா கீழே இறங்கிப் போனாள். அம்மா இடுப்பில் தம்பி இறங்கிப் போனான். புகையும் ஆட்களும் குழியும் எல்லாம் இறங்கிப் போயின. தலைக்கு மேல் சட்டி சடசடத்தது. மண்ணெண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு என் தோளில் விழுந்தது. காது அடைத்துக்கொண்டது. கோபுரத்துக் கலசங்கள் எனக்கு நேரே வந்து, பிறகு அவையும் கீழே போயின. கொக்குக் கூட்டம் ஒன்று எனக்கு அடியில் பறந்தது. கொக்கின் முதுகை நான் அன்றுதான் பார்த்தேன்.

கீழே இன்னும் விடியவில்லை. எனக்கு விடிந்துவிட்டது. நாங்கள் நடந்துவந்த கிழக்கில் சூரியன் கிளம்பி என் முகத்தில் அடித்தது. காவேரி மேல் பனி வெள்ளையாக மூடிக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வயல்களில் இறங்கியது. முந்தின நாள் அறுத்த நெல் காயட்டும் என்று அப்படியே அரி அரியாக வயலில் கிடந்தது. மேலிருந்து பார்க்கக் கோரைப்பாய் விரித்த மாதிரி இருந்தது. பனி பட்ட கதிரெல்லாம் ஒரு பக்கமாக மினுங்கின. அடித்தாள் பக்கம் கறுப்பாக இருந்தது. ஒரு மினுக்கம், ஒரு கறுப்பு, ஒரு மினுக்கம், ஒரு கறுப்பு.

கீழேயிருந்து பலூன்காரர் தகரக் குழாயில் கத்தினார். "நோட்டீசப் போடு புள்ள. கொஞ்சங் கொஞ்சமாப் போடு." நான் கட்டை அப்படியே தூக்கிப் போட்டேன். அது பிரியாமல் நேரே போய்க் கூட்டத்தில் ஒருவர் தலையில் விழுந்தது என்று பிறகு சொன்னார்கள்.

நான் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனைமர வரிசைக்கு மேற்கே, மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்து வயலில், பாயில் ஒரு கோரை மாறிப் பின்னிய மாதிரி ஒரே ஒரு வரிசை. மற்ற அரி மினுங்குகிற இடத்தில் அது கறுத்துக் கிடந்தது. மற்றவை கறுத்த இடத்தில் அது மினுங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா சொன்னது நினைவுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். பனைமரம், மோட்டார் கொட்டகை, உடைந்த மடை, பூவரச மரம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன், மறந்துவிடக் கூடாது என்று.

சூடு குறைந்து பலூன் இறங்கும்போது ஒட்டுத் துணி ஒன்று நெருப்புப் பிடித்தது. கூடை சாய்ந்து வைக்கோல் போரில் விழுந்தது. என் முன்தலை முடி கருகி நாறியது. எல்லோரும் ஓடிவந்தார்கள். அம்மா என் முடியைப் பார்க்கவில்லை.

"இருந்திச்சா?"

"இருந்திச்சு."

அம்மா நடந்தாள் என்று சொல்ல முடியாது. தம்பி இடுப்பில் குலுங்கக் குலுங்க ஓடினாள். வரப்பு முனையில் போலீஸ்காரர் கம்பை நீட்டினார். "எங்க போற?"

"கட்டுக் கட்டுற ஆளுங்க. அங்க எங்க வீட்டுக்காரரு அறுக்கிறாரு" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிச்சயம் இருந்தது போல. அவர் கம்பை இறக்கிவிட்டார்.

ஆட்கள் இன்னும் வயலுக்கு வரவில்லை. பனி காயட்டும் என்று பூவரச மரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு நேரே அந்த அரிக்குப் போனாள். குனிந்து, கையை மாற்றி, ஒரு நெல்கூட உதிராமல் அள்ளி, வைக்கோல் பிரி முறுக்கிக் கட்டத் தொடங்கினாள். அவர் வந்து பார்க்கும்போது கட்டு கட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

வெயில் ஏறியதும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் எங்களுக்கு நேராக வந்தார். நொட்டாங்கையில் அரிவாள். ஒடிசலான ஆள், நரைத்த தாடி, ஒரு காது மடல் இல்லை.

"யாரும்மா நீ? என் அரியில கை வச்சிருக்க?"

அம்மா நிமிர்ந்து அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு முகத்தை. மறுபடியும் கையை.

"நீங்களா அறுத்தீங்க?"

"நாந்தான். இங்கிட்டு எல்லாரும் வைவாக, பீச்சாங்கைக்காரன் பின்னால எவ கட்டுவான்னு. நீ நல்லாக் கட்டியிருக்கியே தாயி."

"செட்டுல வேற நொட்டாங்கைக்காரங்க யாரும் இருக்காங்களா?"

"நான் ஒருத்தந்தான். ராமநாதபுரத்துலருந்து வந்ததுலருந்து நான் ஒருத்தந்தான்."

நாங்கள் இத்தனை ஊர் கேட்டு வந்ததெல்லாம் இந்த மனுஷரைப் பற்றித்தான் என்று எனக்கே புரிந்துவிட்டது. அம்மா வரப்பில் உட்காரவில்லை, அழவில்லை. கையிலிருந்த கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அதற்குள் அந்தப் பண்ணைக் காரியக்காரர் போலீஸோடு வந்துவிட்டார். "இவ யாரு புதுசா? கெழக்குச் சீமைப் பேச்சால்ல இருக்கு. சங்கத்துக்காரியா?"

அம்மா வாய் திறக்குமுன் அந்தத் தாடிக்காரர் சொன்னார். "நம்ம பொஞ்சாதிங்க. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு நேத்துத்தான் வந்து சேந்தா."

"ஒனக்கு இப்படி ஒரு பொண்டாட்டியா?" என்று காரியக்காரர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா குனிந்து அடுத்த கட்டை அள்ளினாள். அன்றைக்குத் தம்பிக்குக் கஞ்சித் தெளிவு கிடைத்தது.

பிற்பகலில் பலூன்காரர் என்னைத் தேடிக்கொண்டு வயலுக்கே வந்துவிட்டார். துணியைத் தைத்துவிட்டாராம், பூசத்தன்று காலையிலும் நான் ஏற வேண்டுமாம். வந்தவர் முன்னால் நொட்டாங்கையால் அறுத்துப் போகிற ஆளையும் பின்னால் கட்டிப் போகிற அம்மாவையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"கெடச்சிட்டாராம்மா?"

காரியக்காரர் குடையோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அம்மா ஆமென்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

பலூன்காரர் என் கையில் பல்பொடிப் பொட்டலங்களைத் திணித்துவிட்டு, என்னை ஏறச் சொல்லாமலே போனார். அந்தப் பல்பொடி இனிக்கும். நானும் தம்பியும் அதைத் தின்றோம்.

அறுப்பு முடிந்து செட்டு பட்டுக்கோட்டைப் பக்கம் போனது. அங்கேயும் அப்பா இருக்கலாம் என்று அம்மா கூடவே போனாள். தாடிக்காரர் எங்களை விட்டுத் தள்ளித்தான் படுப்பார். ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை. பங்குனியில் அவர் தம் ஊருக்குப் போனார். நாங்கள் செங்கல் சூளைக்குப் போனோம். அந்தச் சூளையில்தான் தம்பி செத்துப்போனான். பிறகு கல் குவாரி, பிறகு ரோட்டு வேலை. இரண்டு மூன்று வருஷம் கழித்து எங்கள் ஊருக்குப் போய்ப் பார்த்தோம். தெரு இருந்த இடத்தில் உளுந்து போட்டிருந்தார்கள். தாய்மாமன் இல்லை. அப்பாவைப் பார்த்ததாகச் சொல்ல யாரும் இல்லை. அம்மா அப்பாவைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "செத்திருந்தா அழுதுட்டுப் போவலாம். விட்டுட்டுப் போயிருந்தா காறித் துப்பிட்டுப் போவலாம். எதுன்னு தெரியலயே."

எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. வளர்ந்தபின் திருவிழாத் திருவிழாவாக வளையல் கடை போட்டுக்கொண்டு சுற்றினேன். ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் என் கடைக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் ரப்பர் பலூன் விற்றுக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்லித்தான் விற்பார். அன்றைக்கு ஆகாயத்தில் ஏறிய சின்னப் பெண் ஒருத்தி, காணாமல் போன அப்பனைப் பீச்சாங்கை அரியை வைத்துக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். நான் வளையல் அடுக்குவதை நிறுத்திவிட்டேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"இதை எல்லா ஊர்லயும் சொல்வீங்களா பெரியவரே?" என்றேன்.

"அந்த வருசத்துலேர்ந்து சொல்றேம்மா. மைக்குல சொன்னாக் கூட்டம் அப்படியே நிக்கும். எல்லாரும் கைதட்டுவாங்க. சீர்காழியில மட்டும் ஒரு ஆளு தட்டல. ஆட்டம் முடிஞ்சும் நின்னுக்கிட்டே இருந்தான். 'அந்தப் புள்ளையோட அப்பன நீங்க பாத்தீங்களா?'ன்னான். 'எங் கண்ணால பாத்தேன்யா. அவன் அறுக்கிறான், அவ பின்னாலயே கட்டுறா, ரெண்டு புள்ளயும் வரப்புல ஒக்காந்திருக்கு'ன்னேன். 'கைப்புள்ள நல்லாருக்கா?'ன்னான். 'நல்லாருக்கு'ன்னேன். 'அப்ப சரிங்க'ன்னுட்டுப் போனான்."

"அவரை எப்படி இத்தன வருசம் ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"நோட்டீசு குடுத்தேன். நொட்டாங்கைய நீட்டுனான். சாமி காரியமா வந்த எடத்துல இது என்னய்யா பழக்கம்னு வஞ்சேன். அந்தக் கையாலயே வாங்கிக்கிட்டான்."

நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது? வயதான மனுஷர், அந்த ஒரு கதையை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பலூன் வாங்கினேன்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அப்போது அவளுக்குக் கண் மங்கிவிட்டது. சொன்னேன். பலூன்காரர் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "எந்தக் கையில வாங்கினாராம்?" என்றாள். அதையும் மறுபடி சொன்னேன்.

மடியில் விரித்த கை இரண்டும், பிரி முறுக்குகிற மாதிரி ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன.

"அப்பத் தேடிக்கிட்டுதான் இருந்திருக்காரு" என்றாள்.